பகல் 12:01-ஐக் குறித்தது யார்?

2025 ஜூனில் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட இருந்தபோது செய்திகளில் வந்த நேரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஜூன் 10, செவ்வாய்: நம் நேரப்படி மாலை 5:52. காற்று பலமாக இருக்கிறது என்று ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். ஜூன் 11: மாலை 5:30. அதற்குள் ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவது தெரிந்தது. பிறகு நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் காற்றுக் கசிவு பற்றிய சோதனை குறுக்கே வந்தது. இரண்டு வாரம் இழுத்து, கடைசியில் கிளம்பியது ஜூன் 25, புதன், பகல் 12:01.

மதுரையில் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு உடனே பட்டிருக்கும்: புதன்கிழமை 12 முதல் 1:30 வரை ராகு காலம். நல்ல காரியத்துக்கு நம் பக்கம் யாரும் குறிக்காத நேரம். ஒரு மணி நேரம் முன்னே பின்னே வைத்துக்கொண்டிருக்கலாமே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஒரு மணி நேரம் என்ன, ஐந்து நிமிடம்கூட நகர்த்த முடியாது. அந்த நேரத்தை ராக்கெட் கிளம்பிய அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருந்தவர்களும் குறிக்கவில்லை, இஸ்ரோவும் குறிக்கவில்லை. தாளில் எழுதிய நேரங்களைக் கழித்துப் பார்த்தால் குறித்தது யார் என்று தெரிந்துவிடும். 5:52-க்கும் 5:30-க்கும் இடையில் 22 நிமிடம். மாலை 5:30-க்கும் பகல் 12:01-க்கும் இடையில் 5 மணி 29 நிமிடம், அதாவது 329 நிமிடம். நடுவில் போனது 14 நாள். வகுத்தால் நாளுக்கு 23½ நிமிடம். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் புறப்படும் நேரம் ஏறக்குறைய 23½ நிமிடம் முன்னால் வருகிறது. மனிதர்களை நிலையத்துக்கு அனுப்பும் வேலை முழுவதும் இந்தக் கணக்கைச் சுற்றித்தான் நிற்கிறது.

முதலில் உயரத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். விண்வெளி நிலையம் ரொம்ப தூரத்தில் இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். அந்தக் கோட்டை அப்படியே நிமிர்த்தி வைத்தால் அதன் நுனியில் நிலையம். வைகை எக்ஸ்பிரஸ் ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் அந்தத் தூரத்தை நிலையம் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். அதன் வேகம் விநாடிக்கு 7.66 கிலோமீட்டர். ராக்கெட்டின் பாடு உயரத்தில் இல்லை, இந்த வேகத்தில்தான் இருக்கிறது. ஒரு கிலோ எடையை 420 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றலை மின்கணக்கில் சொன்னால், வீட்டு மீட்டரில் ஒரு யூனிட்டும் கொஞ்சமும். அதே ஒரு கிலோவுக்கு நிலையத்தின் வேகத்தைக் கொடுக்க எட்டு யூனிட். மேலே தூக்கிவிட்டு வேகம் கொடுக்காமல் விட்டால் நேராகக் கீழேதான் விழும். அதனால்தான் ராக்கெட் செங்குத்தாகக் கிளம்பினாலும், அடர்ந்த காற்றைத் தாண்டும் வரைக்கும்தான் அந்த நிமிர்வு. பிறகு சாய்ந்து சாய்ந்து, கடைசி ஐந்தாறு நிமிடம் ஏறக்குறையப் படுத்தபடியேதான் போகிறது.

இனி அந்த 23½ நிமிடம். ஒரு சாத்துக்குடியையும் அதைவிடச் சற்றுப் பெரிய வளையல் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். காம்பு இருந்த இடம் வடதுருவம். வளையலைச் சாத்துக்குடியைச் சுற்றிச் சாய்த்துப் பிடியுங்கள். அந்த வளையல்தான் நிலையத்தின் பாதை. பூமத்திய ரேகைக்கு அது 51.6 பாகை சாய்ந்திருக்கிறது. வளையலை ஆட்டாமல் சாத்துக்குடியை மட்டும் மெல்ல உருட்டினால், தோலில் பேனாவால் வைத்த ஒரு புள்ளி ஒரு முழுச் சுற்றில் இரண்டே முறை வளையலுக்கு அடியில் வரும். ஏவுதளம் அந்தப் புள்ளி. அது வளையலுக்கு நேர் கீழே வரும் கணம்தான் புறப்படும் கணம். இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் உதவும். ஃபுளோரிடாவிலிருந்து வடகிழக்கே போனால் அமெரிக்கக் கரையை ஒட்டிக் கடல்மேல் போகலாம், அதனால் அந்த வாய்ப்பு மட்டும்.

பூமி நட்சத்திரங்களைப் பொறுத்து ஒரு முறை சுற்ற 24 மணி நேரம் ஆவதில்லை, 23 மணி 56 நிமிடம்தான். ஆகவே தினமும் நாலு நிமிடம் முந்துகிறது. அதோடு வளையலும் அசையாமல் நிற்பதில்லை. பூமி நடுவில் கொஞ்சம் புடைத்திருப்பதால், அந்தப் புடைப்பின் இழுப்பில் நிலையத்தின் பாதை, தலையாட்டும் பம்பரம் மாதிரி, நாளுக்குச் சுமார் 5 பாகை மேற்கே நகர்கிறது. பூமி 5 பாகை உருள 20 நிமிடம். இரண்டும் சேர்ந்துதான் அந்த 23½.

தாமதமாகக் கிளம்பி மேலே போய்த் திருப்பிக்கொள்ள முடியாதா? முடியும், ஆனால் விலை அதிகம். விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒன்றின் பாதையை ஒரே ஒரு பாகை திருப்ப விநாடிக்கு 134 மீட்டர் வேக மாற்றம் வேண்டும். நாலு நிமிடம் பிந்திக் கிளம்பினால் திருத்தத்துக்கு விநாடிக்கு 105 மீட்டர் போய்விடும். கலத்தில் இருக்கும் எரிபொருள் நிலையத்தைப் பிடிப்பதற்கும், ஒட்டுவதற்கும், பிறகு திரும்பி வருவதற்கும் சேர்த்து அளந்து வைத்தது. அதில் கைவைக்க யாரும் துணிய மாட்டார்கள். முன்பு விண்வெளி ஓடங்களுக்குச் சுமார் பத்து நிமிட இடைவெளி கொடுத்திருந்தார்கள். சுக்லாவைச் சுமந்த இன்றைய ஃபால்கன் 9 ராக்கெட்டுக்கு அதுவும் இல்லை, ஒரே ஒரு விநாடிதான்.

அந்த விநாடிக் கறாருக்கு இன்னொரு காரணம் தொட்டிக்குள் இருக்கிறது. ஃபால்கன் 9 எரிப்பது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய், கூடவே திரவ ஆக்சிஜன். நம் அரசு மருத்துவமனை வளாகங்களில் நிமிர்ந்து நிற்கும் வெள்ளைத் தொட்டியில் இருப்பதும் இதே திரவ ஆக்சிஜன்தான். அதன் குழாய்களில் மதுரை வெயிலிலும் பனி படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரணமாக அது மைனஸ் 183 பாகையில் கொதிக்கும். ஃபால்கன் 9-இல் ஊற்றுவதை மைனஸ் 207 பாகை வரை குளிரவைக்கிறார்கள், மண்ணெண்ணெயையும் மைனஸ் 7-க்கு இறக்குகிறார்கள். குளிர்ந்தால் அடர்த்தி கூடும், அதே தொட்டியில் அதிகம் கொள்ளும். ஆனால் ஊற்றி முடித்த நிமிடத்திலிருந்தே சூடேற ஆரம்பிக்கும், அடர்த்தி குறையும். அரை மணி நேரம் காத்திருந்து பார்க்கலாம் என்றால் தொட்டியில் இருப்பது கணக்குப் போட்ட சரக்காக இருக்காது. இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும்.

இதனால் ஆட்கள் ஏறும் வரிசையே மாறிவிட்டது. ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டில் எரிபொருளை முன்னதாகவே நிரப்பி, கொதித்துப் போகும் ஆக்சிஜனை மட்டும் கடைசிவரை ஈடுகட்டிக்கொண்டிருப்பார்கள். நிரப்பிய ராக்கெட்டில்தான் ஆட்கள் ஏறுகிறார்கள். ஃபால்கனில் தலைகீழ். புறப்படுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு பயணிகள் நால்வரும் ராக்கெட்டின் உச்சியில் இருக்கும் டிராகன் கலத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். இருக்கையில் வைத்தே உடைகளில் காற்று ஏற்றிக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகக் கதவு மூடப்படும். கதவின் ரப்பர் விளிம்பை விரல் வைத்துத் தடவித் துடைப்பது ஒரு தனி வேலை. 2022-இல் ஒரு பயணத்தின்போது ஒரே ஒரு தலைமுடி அந்த விளிம்பில் கிடந்ததைக் கண்டு கதவைத் திறந்து, எடுத்துவிட்டு, மறுபடி மூடினார்கள். அந்த முடியின் தடிமன் அளவு இடைவெளி போதும், காற்று போய்க்கொண்டே இருக்க.

42 நிமிடம் இருக்கும்போது ஆட்கள் நடந்துவந்த பாலம் விலகும். அதன்பின் தப்பிக்கும் அமைப்பை உயிர்ப்பித்துத் தயார்நிலையில் வைப்பார்கள். 35-ஆவது நிமிடத்தில்தான் எரிபொருள் ஏற ஆரம்பிக்கும். இந்த வரிசையை நன்றாகக் கவனிக்க வேண்டும்: தப்பிக்கும் வழி தயாரான பிறகே ஆபத்து தொட்டிக்குள் வருகிறது. அரை மணி நேரத்தில் சுமார் 500 டன், அதாவது இருபதாயிரம் லிட்டர் டேங்கர் லாரிகள் இருபதுக்கும் மேல் கொள்ளும் சரக்கு, ஆட்களுக்குக் கீழே ஏறுகிறது. இதற்கு நிபுணர்களிடையே கடும் எதிர்ப்பு இருந்தது, காரணத்தோடுதான். 2016 செப்டம்பர் 1 அன்று ஒரு செயற்கைக்கோளைச் சுமந்து நின்ற ஃபால்கன் 9, ஒரு சோதனைக்காக எரிபொருள் ஏற்றும்போதே வெடித்தது. ஆக்சிஜன் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் ஹீலியம் சிலிண்டர்களின்மேல் கார்பன் நார் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுற்றுக்கும் உள்ளிருக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஆக்சிஜன் சிக்கிக்கொண்டு, அழுத்தத்தில் நார் உரசித் தீப்பிடித்தது. சிலிண்டரின் வடிவமைப்பையும் ஹீலியம் ஏற்றும் முறையையும் மாற்றி, பலமுறை ஏற்றிக் காட்டிய பிறகுதான் ஆட்களோடு ஏற்ற அனுமதி கிடைத்தது.

வானிலையும் இதே கண்டிப்போடு வந்து நிற்கிறது. ஏவுதளத்தில் மணிக்கு 30 மைலுக்கு மேல் காற்று என்றால் கிடையாது. பத்து கடல் மைலுக்குள் மின்னல் வெட்டினால் அரை மணி நேரம் நிறுத்த வேண்டும். இதெல்லாம் மேலே போவதற்கு மட்டும். வழியில் ஏதாவது ஆகித் தப்பிக்க நேர்ந்தால் கலம் அட்லாண்டிக் கடலில் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், ஃபுளோரிடாவிலிருந்து அயர்லாந்து வரை. அந்த வழி நெடுக அலையும் காற்றும் அடங்கியிருக்க வேண்டும். ஏவுதளத்தில் வானம் நீலமாக இருந்தும் பயணம் தள்ளிப்போவது இதனால்தான். 2020 மே 27 அன்று டிராகன் முதல்முறை ஆட்களோடு கிளம்ப 17 நிமிடம்கூட இல்லாத நேரத்தில் நிறுத்தினார்கள். சற்று நேரத்தில் மின்னல் அபாயம் விலகியிருக்கும். ஆனால் வளையல் நகர்ந்திருக்கும். மூன்று நாள் கழித்து, மே 30-இல்தான் போனார்கள்.

எஞ்சினைப் பற்றவைப்பது தனிக் கலை. ஃபால்கனின் மெர்லின் எஞ்சினில் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் ஒரு ரசாயனத் திரவம் முதலில் பாயும். அந்தக் கண நேரப் பச்சை ஒளியை நேரலையில் பார்க்கலாம். 2023 பிப்ரவரி 27 அன்று அந்தத் திரவம் எஞ்சின்களுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்ய முடியாமல் இரண்டு நிமிடம் இருக்கும்போது கைவிட்டார்கள். தரையில் இருந்த ஒரு வடிகட்டி அடைத்திருந்தது. மார்ச் 2 அன்று வடிகட்டியை மாற்றிப் போனார்கள்.

சோயுஸின் வழி இன்னும் பழையது, சிவகாசிக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். அதன் கீழ்ப்பகுதியில் ஐந்து எஞ்சின். ஒவ்வொன்றுக்கும் நாலு பெரிய எரியறை, அதாவது இருபது. திசைதிருப்பும் சின்ன அறைகள் பன்னிரண்டு. ஆக 32 வாய். அந்த வாய்களுக்குள் ஆங்கில டி எழுத்து வடிவத்தில் மரச்சட்டங்களைக் கையால் செருகுகிறார்கள். பிர்ச் மரம். சட்டத்தின் நுனியில் வெடிமருந்துக் குப்பி. மின்சாரத்தில் குப்பி பற்றி எரியும், எரிவது உறுதியானதும் மண்ணெண்ணெய்யும் ஆக்சிஜனும் திறக்கும், மரச்சட்டம் எரிந்து வெளியே பறந்துவிடும். மனிதனை விண்ணுக்கு அனுப்பும் ராக்கெட்டின் அடியில் இருப்பது, சுருக்கமாகச் சொன்னால், பிரம்மாண்டத் தீக்குச்சிகள். அது பழமை என்று யாரும் மாற்றாததற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் தீ உண்மையிலேயே எரிகிறதா என்பதைக் குச்சியிலுள்ள கம்பி அறுந்துதான் சொல்லும். ஒரு வாயில் எரியவில்லை என்றாலும் எரிபொருள் திறக்காது.

ஃபால்கனில் மூன்று விநாடிக்கு முன் ஒன்பது எஞ்சினும் எரிய ஆரம்பித்து, கணினி ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் பார்த்துச் சரி என்றால்தான் பிடி விடும். சுமார் 550 டன்னில் ஆட்களோடு போகும் கலம் 12, 13 டன்தான். மற்றதெல்லாம் அதைத் தள்ளுவதற்கு. ஒரு நிமிடம் ஆகும்போது வேகமும் காற்றடர்த்தியும் சேர்ந்து ராக்கெட்டின்மேல் அழுத்தம் உச்சத்தை எட்டும். அப்போது எஞ்சினைச் சற்றுத் தணிப்பார்கள். 2 நிமிடம் 36 விநாடியில் முதல் கட்டம் அணையும். எட்டே முக்கால் நிமிடத்தில் இரண்டாம் கட்டமும் அணையும். எரிபொருள் தீரத் தீர எடை குறைவதால், அணைவதற்குச் சற்று முன்பு ஆட்களின் மார்பில் அவர்கள் எடையே மூன்று, நாலு மடங்காக ஏறி உட்காரும். அணைந்த கணத்தில் ஒன்றுமே இல்லை. 12-ஆவது நிமிடத்தில் டிராகன் தனியாகப் பிரியும்.

இந்த ஒன்பது நிமிடத்தில் எந்த விநாடியிலும் தப்பிக்க வழி இருக்க வேண்டும் என்பதுதான் ஆட்களுக்கான ராக்கெட்டுக்கும் சரக்கு ராக்கெட்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம். 2018 அக்டோபர் 11 அன்று அலெக்ஸி ஓவ்சினினும் நிக் ஹேக்கும் சோயுஸில் போனபோது நடந்ததை மட்டும் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் மற்ற எல்லாப் பாடமும் அதற்குள் இருக்கிறது. சோயுஸின் நடுத்தண்டைச் சுற்றி நாலு பக்கத் துணைகள் உண்டு. மேலே கூர்ந்து, கீழே பருத்து, கேரட் மாதிரி. இரண்டு நிமிடம் ஆகும்போது அவற்றின் கீழ்க்கட்டு அறுபடும், அடி விலகும், நுனி தன் குழியிலிருந்து கழன்றுகொள்ளும். கழன்றதை ஒரு சின்னத் தொடுகம்பி உணர்ந்து, ஆக்சிஜன் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லும். அங்கிருந்து சீறும் வாயு நுனியை வெளியே தள்ளிவிடும். நாலும் ஒரே நேரத்தில் பூ விரிவது போல விலகும். அன்று ஒன்றில் மூடி திறக்கவில்லை. நுனி விலகாமல் நடுத்தண்டின்மேல் மோதிக் கிழித்தது. விசாரணையில் தெரிந்தது: தொடுகம்பி 6¾ பாகை வளைந்திருந்தது. சோயுஸ் கிளம்பும் பைகோனூர் ஏவுதளத்தில் துணைகளைப் பொருத்தும்போது வளைந்தது. எஞ்சினும் கணினியும் ஒன்றும் பழுதில்லை, விரல் அளவுக் கம்பி ஒன்று வளைந்திருந்தது, அவ்வளவுதான்.

சுமார் 50 கிலோமீட்டர் உயரத்தில் அது நடந்தது. உச்சியில் இருந்த தப்பிக்கும் கோபுரத்தைச் சில விநாடிக்கு முன்புதான் வழக்கப்படி கழற்றி எறிந்திருந்தார்கள். ஆனால் கலத்தைப் போர்த்தியிருக்கும் கவசத்திலும் தனி எஞ்சின்கள் இருந்தன. அவை இழுத்துக்கொண்டு விலகின. எடையின் ஆறேழு மடங்கு அழுத்தத்தோடு கீழே வந்து, பாராசூட்டில் இருவரும் நலமாக இறங்கினார்கள். ஐந்து மாதத்தில், 2019 மார்ச் 14 அன்று, அதே இருவரும் மறுபடி கிளம்பி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இதற்கு முன், 1983 செப்டம்பர் 26 அன்று ஏவுதளத்திலேயே தீப்பிடித்தபோது, கோபுரம் டிடோவையும் ஸ்ட்ரெகாலோவையும் பிய்த்துக்கொண்டு போன இரண்டு விநாடியில் ராக்கெட் வெடித்தது.

டிராகனில் கோபுரம் இல்லை, கலத்தின் சுவரிலேயே எட்டு எஞ்சின். வசதிதான், ஆனால் அவற்றின் எரிபொருள் எப்போதும் ஆட்களோடு இருக்கிறது. 2019 ஏப்ரல் 20 அன்று தரைச் சோதனையில் ஒரு டிராகனே சிதறியது. ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய வால்வு ஒன்று கொஞ்சம் கசிந்து, எரிபொருள் எரிய ஆக்சிஜன் தரும் திரவம் ஹீலியம் குழாய்க்குள் தங்கியிருந்தது. அழுத்தம் கொடுத்ததும் அந்தத் துளி துப்பாக்கிக் குண்டு மாதிரி டைட்டானியம் பாகத்தில் மோதிப் பற்றியது. இப்போது அந்த இடத்தில் வால்வு இல்லை, ஒரு முறை மட்டும் கிழியும் தகடு.

மேலே போயாயிற்று, வளையலுக்குள் நுழைந்தாயிற்று. நிலையம் மட்டும் வளையலின் எந்த இடத்திலோ இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில்கூட இருக்கலாம். முன்னால் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஆக்சிலேட்டரை மிதிப்போம். இங்கே மிதித்தால் பாதை உயர்ந்து, சுற்று நீண்டு, இன்னும் பின்தங்குவோம். 1965 ஜூனில் ஜெமினி 4-இல் போன ஜேம்ஸ் மெக்டிவிட் தன் ராக்கெட்டின் கழன்ற பகுதியைக் கண்ணால் பார்த்து, அதை நோக்கியே எஞ்சினை இயக்கிப் பார்த்தார். எரிபொருள்தான் கரைந்தது, அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சரியான வழி தாழ்ந்து ஓடுவது. 200 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு 88½ நிமிடம், நிலையத்துக்கு ஏறக்குறைய 93. ஒவ்வொரு சுற்றிலும் நாலரை நிமிடம் மிச்சம், வளையலில் சுமார் 17 பாகை நெருக்கம். போதுமான அளவு நெருங்கியதும் அளந்து அளந்து உயர்த்திக்கொள்வார்கள்.

முன்பு சோயுஸ் இப்படி 34 சுற்று, இரண்டு நாள் ஓடும். 2013 முதல் ஆறு மணி நேரம் ஆனது. 2020 அக்டோபர் 14 அன்று இரண்டே சுற்றில், மூன்று மணி மூன்று நிமிடத்தில் சேர்ந்தது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போய்ச் சேரும் நேரம். இதற்கு நிலையமே சில வாரம் முன்பிருந்து தன் உயரத்தைக் கூட்டிக் குறைத்து, புறப்படும் கணத்தில் சரியான இடத்தில் இருக்கும்படி வந்து நிற்க வேண்டும். எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு என்பது 2024 மார்ச்சில் தெரிந்தது. 21-ஆம் தேதி மூன்று பேரோடு நின்ற சோயுஸ், சுமார் 20 விநாடி இருக்கும்போது மின்னழுத்தம் குறைந்து தானே நின்றுவிட்டது. பழுதை நீக்கி 23-ஆம் தேதி கிளப்பினார்கள். வளையல் சரியாகத்தான் இருந்தது, வளையலில் நிலையம் இருந்த இடம் மட்டும் மாறிவிட்டது. மூன்று மணி நேரப் பயணம் இரண்டு நாளானது, 25-ஆம் தேதிதான் சேர்ந்தார்கள். கடிகாரமே தவறினால் கேட்க வேண்டாம். 2019 டிசம்பரில் ஆளில்லாமல் போன ஸ்டார்லைனர் கலம், ராக்கெட்டின் கடிகாரத்திலிருந்து நேரத்தைத் தவறான கட்டத்தில் எடுத்துக்கொண்டு 11 மணி நேரம் பிசகாக ஓடியது. செய்ய வேண்டிய உந்துதலைச் செய்யாமல், வேறெதற்கோ எரிபொருளைக் கரைத்து, நிலையத்துக்குப் போகாமலே திரும்பியது.

சுக்லாவின் கலத்துக்கு 28 மணி நேரம். கடைசி 400 மீட்டரில் எல்லாமே நிறுத்தி நிறுத்திப் போகிற வேலை. 400 மீட்டரில் ஒரு நிறுத்தம். நிலையத்தைச் சுற்றி 200 மீட்டருக்குக் கற்பனையாக ஒரு வேலி, அனுமதி இல்லாமல் உள்ளே வரக் கூடாது. வேலிக்கு வெளியே 220 மீட்டரில் இன்னொரு நிறுத்தம், கடைசியாக 20 மீட்டரில். தொடும்போது வேகம் விநாடிக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இருக்காது. நடுவீட்டில் தவழும் குழந்தைகூட அதைவிட வேகம். முதலில் மென்பிடி, ஆட்டம் அடங்கியதும் 12 கொக்கிகள் இறுக்கும். ஜூன் 26 மாலை 4:30 என்று சொல்லியிருந்தார்கள், 4:01-க்கே பிடித்துக்கொண்டது. அதன்பிறகும் கதவைத் திறக்க அவசரப்பட மாட்டார்கள். நடு இடைவெளியில் காற்றை விட்டுக் கசிகிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் வருகிறதே, அங்கிருந்து ஆட்கள் போவார்களா? 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிய அந்தத் தளம் சிறிய ராக்கெட்டுகளுக்கானது. இலங்கையைச் சுற்றி வளைந்து போகாமல் நேர் தெற்கே துருவப் பாதைக்குப் போகலாம் என்பதுதான் அதன் பலம். நிலையத்தின் 51.6 பாகைப் பாதைக்கு அங்கிருந்து கிளம்பினால் வடகிழக்கே ராமநாதபுரம் மாவட்டத்தின்மேல் போக வேண்டும், தென்கிழக்கே திரும்பினால் கொழும்பையும் காலியையும் உரசிக்கொண்டு போகும். கழன்று விழும் பாகங்கள் யார் தலையில்? இந்தியா ஆட்களை அனுப்பத் திட்டமிட்டிருக்கும் ககன்யான் கிளம்பப்போவது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. 2035-க்குள் அமைக்கத் திட்டமிட்டிருக்கும் இந்திய நிலையத்துக்கும் முன்னே விரிந்த வங்காள விரிகுடா இருக்கும் இடம்தான் ஏற்றது.

ஆனால் ககன்யான் ராக்கெட்டின் எஞ்சின்கள் சோதனையாவது நம் தெற்கில். கன்னியாகுமரி நான்கு வழிச்சாலையில் பணகுடி தாண்டும்போது வலப்பக்கம் தெரியும் மகேந்திரகிரி மலையடிவாரத்தில், இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில். விகாஸ் எஞ்சினும், திரவ ஹைட்ரஜனில் ஓடும் சிஇ 20 எஞ்சினும் ஆட்களைச் சுமக்கத் தகுதியானவையா என்று அங்கேதான் மணிக்கணக்கில் எரித்துப் பார்த்தார்கள். 2021 கொரோனா இரண்டாம் அலையில் தமிழ்நாட்டு, கேரள மருத்துவமனைகளுக்குத் திரவ ஆக்சிஜன் போனதும் அதே வளாகத்திலிருந்துதான்.

நிலையத்தின் வளையலை மதுரையில் மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம். சூரியன் மறைந்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள், அல்லது விடியலுக்கு முன்பு. நமக்கு இருட்டி, 420 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கும் நேரம் அது. சிமிட்டாத, வெள்ளிக்கோள் போன்ற ஒரு புள்ளி திருப்பரங்குன்றம் பக்கம் எழுந்து, தலைக்குமேல் ஏறி, யானைமலை பக்கம் இறங்கும். வேறு நாட்களில் நாகமலைப் பக்கத்திலிருந்து தென்கிழக்கே ராமேஸ்வரம் ரோட்டுப் பக்கம். ஐந்தாறு நிமிடம்தான். விமானமென்றால் சிவப்பு, பச்சை விளக்கு சிமிட்டும், இதில் இருக்காது. நடுவானில் திடீரென்று மங்கி மறைந்தால் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

அது சரியாகத் தலைக்குமேல் வரும் விநாடியில் மதுரை வளையலுக்கு நேர் கீழே இருக்கிறது. இங்கே ஒரு ஏவுதளம் இருந்திருந்தால் அதுதான் புறப்படும் நேரம். கைக்கடிகாரத்தில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் வளையல் 23½ நிமிடம் முன்னதாக நம் தலைக்குமேல் வரும். ஆனால் நிலையம் பதினைந்து சுற்றை முடித்து, முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும். அப்போது வளையல் இன்னும் மதுரையை எட்டியிருக்காது. அதனால் தலைக்குமேல் தேடாமல் கிழக்கே, அரை வானத்துக்கும் சற்றுக் கீழே பாருங்கள்.